நெத்துதிஹாத்தா வகையறா

தாத்தா பெயர் தெரியாமல் தாம்பரத்தில் கல்யாணம் செய்துகொண்டவர் ஒருவர்கூடக் கிடையாது. இந்தப் பெருமை அரசாங்கத்தால் வந்ததில்லை, கோயில் குளத்தாலும் வந்ததில்லை. மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போகிற சந்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஒரே ஒரு மனிதரால் வந்தது.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். கடைப் பலகையில் அது இல்லை. ஊர் அவருக்கு வைத்த பெயர் 'பூர்வீகம்'. கடைக்குள் காலை வைத்தால் வாங்க என்றோ, உட்காருங்க என்றோ சொல்ல மாட்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரே கேள்வி கேட்பார்.

"பூர்வீகம்?"

"குரோம்பேட்டை சார்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் தொலைந்தோம்.

"குரோம்பேட்டை இன்னாத்துக்கு பூர்வீகம்? அது நீ வூடு வாங்கின எடம். உங்க தாத்தா எங்கேர்ந்து வந்தாரு? அவரு பேரு இன்னா? மொதல்ல அத்த சொல்லு. கார்டு எங்கயும் ஓடிப் போவாது."

இன்ன ஊர் இன்னாருடைய பேரனும், இன்னாருடைய மகனுமான என்று இரண்டு வரி நிரம்பாமல் அவர் மெஷினைத் தொட மாட்டார். வேறு கடையே இல்லையா என்று கேட்பீர்கள். தெருவுக்கு நாலு இருக்கின்றன. ஆனால் பூர்வீகம் அடித்த பத்திரிகையில் எழுத்துப் பிழை வந்ததாக யாரும் சொன்னதில்லை. மற்ற இடங்களில் மணப்பெண்ணே மாறிப்போன கதையெல்லாம் நடந்திருக்கிறது. அதனால் திட்டிக்கொண்டேயாவது எல்லோரும் இவரிடம்தான் வந்தார்கள்.

ஒரு தடவை சாப்ட்வேர் பையன் ஒருவன் வந்தான். "சிம்பிளா போதும் அங்கிள். கார்த்திக், திவ்யா, தேதி, மண்டபம். அவ்ளோதான்" என்றான். பூர்வீகம் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த கார்த்திக்கு? இந்த சந்துல நின்னு ஒரு கல்லு வுட்டா நாலு கார்த்திக் மேல பட்டுட்டு அஞ்சாவது கார்த்திக் காலாண்ட வியும். நீ எந்த கார்த்திக்குன்னு வர்றவனுக்கு எப்டிபா தெரியும்?"

பையன் அங்கேயே நின்று அப்பாவுக்கு போன் போட்டான். அப்பாவுக்குத் தாத்தாவின் முழுப்பெயர் சந்தேகம். அவர் திண்டிவனத்தில் இருந்த தன் அண்ணனுக்குப் போட்டார். அண்ணனும் தம்பியும் பேசி வருஷக்கணக்காகிறதாம். தாத்தா பெயரில் ஆரம்பித்த பேச்சு, அழுகையில் போய், அண்ணன் குடும்பத்தோடு கல்யாணத்துக்கு வருகிறார் என்பதில் முடிந்தது. பூர்வீகம் அதைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை. "இனிஷியல் இன்னா?" என்று அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

பல்லாவரத்திலிருந்து ஒரு கிறிஸ்தவக் குடும்பம் வந்தது. மாப்பிள்ளை பெயர் அந்தோணி. அப்பா பெயர்? அந்தோணிசாமி. தாத்தா? அந்தோணிமுத்து. அவருடைய அப்பா? அவரும் அந்தோணி. பூர்வீகம் பேனாவைக் கீழே வைத்தார். "அண்ணே, இது வமிசம் இல்ல. ஜெராக்ஸ்" என்றார். அவர்கள் கோபப்படுவார்கள் என்று நான் பயந்தேன். அந்தோணிசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நான் எப்படி அங்கே இருந்தேன் என்றால், எனக்குக் கிழக்குத் தாம்பரம். வாரப் பத்திரிகைக்குக் கதை எழுதுகிறவன் என்று தெரிந்ததும் பூர்வீகம் என்னைப் பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்து ப்ரூஃப் பார்க்கச் சொல்லிவிடுவார். டீ வாங்கித் தருவார். மரியாதையெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது.

இப்போது சொந்தக் கதைக்கு வருகிறேன்.

சேலையூரில் இருக்கும் என் அக்காவுக்கு ஒரே பெண், நிவேதா. ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் வேலை. அங்கே மெஷின் நிறுவ ஒரு வெளிநாட்டு எஞ்சினியர் வந்தான். உக்ரைன்காரன். பெயர் ரோமன். ஆறு மாதத்துக்கு வந்தவன் அஞ்சு வருஷமாகப் படப்பையில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருக்கிறான். மெஷின் எப்போதோ ஓட ஆரம்பித்துவிட்டது. இவன் ஏன் ஓடவில்லை என்று விசாரித்தால் காரணம் நிவேதா.

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். வீட்டையும் டைம்டேபிள் போட்டு நடத்துகிறவர். விஷயம் தெரிந்ததும் நாலு மாதம் பெண்ணோடு பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பையன் நல்லவனாத்தான் தெரியறான். வெள்ளைக்காரன், வேற மதம், அதெல்லாம் விட்டுட்டேன். ஆனா நிச்சயதார்த்தத்துல நான் தட்டை எடுத்து நீட்டினா, எதிர்ல வாங்கிக்க ஒரு ஆள் வேணும். அவன் வகையறாவுல ஒரே ஒருத்தர் போதும். வந்தா கல்யாணம். வரலைன்னா இந்தப் பேச்சே கிடையாது."

நியாயம் மாதிரிதான் இருந்தது. சிக்கல் என்னவென்றால் ரோமனுக்கு அப்பா அம்மா இல்லை. கூடப்பிறந்தவர்கள் இல்லை. சித்தப்பா பெரியப்பா என்று யாரையும் பார்த்ததே இல்லை. ஊர் இருக்கிற நிலைமையில் போய்த் தேடவும் வழியில்லை. நிவேதா என் முன்னால் அழவில்லை. "மாமா, நிச்சயப் பத்திரிகையாவது அடிச்சு வச்சிடலாம். அப்பா அதைப் பார்த்தா மனசு மாறலாம்" என்றாள். தாய்மாமனாகப் பிறந்த பாவத்துக்கு இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு சந்துக்குப் போனேன்.

பூர்வீகம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"பேரு?"

"ரோமன்" என்றான் பையன்.

"வெறும் ரோமனா? வமிசப் பேரு?"

"நெத்துதிஹாத்தா."

பூர்வீகம் எழுத எடுத்த பேனாவைத் திரும்ப மூடினார்.

"இன்னொரு தபா சொல்லு" என்றார். அவன் சொன்னான். "அது ஊரா, ஜாதியா, தாத்தாவா?"

ரோமன் பாதி இங்கிலீஷிலும், ஒரகடத்துத் தொழிலாளர்களிடம் கற்ற தமிழிலும் விளக்க ஆரம்பித்தான். விட்ட இடத்தை நிவேதா நிரப்பினாள். அந்தக் காலத்தில் அவர்கள் ஊரில் கொசாக்குகள் என்று குதிரை வீரர்கள் ஆற்றோரம் முகாம் போட்டிருந்தார்களாம். பண்ணையாரிடமிருந்து தப்பி ஓடி வந்தவர்கள், கடன்காரர்கள், வம்புக்காரர்கள் எல்லோரும் அங்கே போய்ச் சேர்வார்களாம். சேருகிறவன் பழைய பெயரை விட்டுவிட வேண்டும். கூட இருக்கிறவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்து ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள். அதுவே பிள்ளை, பேரன் என்று நிலைத்துவிடும்.

"எங்க முப்பாட்டன் வீட்டு வாசல் தெருவைப் பாக்காம வேற பக்கம் பாத்து இருந்துச்சு. தேடி வர்றவங்க எல்லாரும் சுத்தி சுத்தி வருவாங்க. வீடு அந்தப் பக்கம் இல்லைன்னு ஊர்ல சொல்லுவாங்க. அதை எங்க பாஷைல சொன்னா, அதான் எங்க பேரு. அப்பா சொன்னது" என்றான் ரோமன்.

பூர்வீகம் மேஜையைத் தட்டினார். "அட, இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? கோணவாசல்! எங்க அனகாபுத்தூர்ல கோணவாசல் வூட்டுக்காரங்கன்னு ஒரு பெரிய குடும்பமே கீதுபா. இவனும் நம்மள மாதிரிதான் சார். நான் இன்னாமோ பெரிய ஜமீன்னு நெனச்சி பயந்துட்டேன்." நோட்டை எடுத்து, 'ரோமன், கோணவாசல் வகையறா' என்று எழுதினார். எழுதிவிட்டு, "ஏய் கோணவாசல், டீ சாப்ட்றியா?" என்றார். அன்று முதல் அவன் அவருக்குக் கோணவாசல்தான்.

நான் சிக்கலைச் சொன்னேன். தட்டு வாங்க ஆள் இல்லை, ஆள் இல்லாவிட்டால் கல்யாணம் இல்லை.

"இந்தப் பேரு உங்க ஊர்ல எத்தினி பேருக்கு கீது?" என்று கேட்டார் பூர்வீகம்.

"எங்க வீட்டுக்கு வெளியில நான் ஒருத்தரையும் பாத்ததில்லை. ஸ்கூல்ல எல்லா வருஷமும் புது டீச்சர் நிஜமாவே இதான் உன் பேரான்னு கேப்பாங்க."

பூர்வீகத்தின் முகம் மலர்ந்தது. "அப்ப கஷ்டமே இல்லியே! கார்த்திக்குக்கு சொந்தக்காரன தேடணும்னாதான் பேஜாரு. ஊரே கார்த்திக்கு. இது யாருக்குமே இல்லாத பேரு. இந்தப் பேர்ல உலகத்துல எவன் கெடச்சாலும் அவன் பங்காளி. வேற யாரா இருக்க முடியும், சொல்லு பாக்கலாம்?"



அன்றே தேட ஆரம்பித்தோம். ரோமன் செல்போனில் பெயரைத் தட்டத் தட்ட, உலகத்தின் மூலை முடுக்கிலிருந்து ஒவ்வொருவராக ஏழு நெத்துதிஹாத்தாக்கள் அகப்பட்டார்கள். பூர்வீகம் ஏழு பத்திரிகை அடித்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். பங்காளிக்குப் பத்திரிகை வைக்காமல் நிச்சயம் பண்ணுவது எந்த ஊர் நியாயம் என்பது அவர் கட்சி. கூடவே ஒரு கடிதம். அவர் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுத வேண்டும். அன்புள்ள பங்காளி அவர்களுக்கு என்று ஆரம்பித்தார். பங்காளிக்கு இங்கிலீஷில் என்ன என்று தெரியாமல் 'சொத்தில் பங்குள்ளவர்' என்கிற அர்த்தம் வரும்படி எதையோ எழுதித் தொலைத்தேன்.

அது போதாதா? மூன்று பேர் உடனே எங்களை பிளாக் செய்தார்கள். ஒருவர் போலீசில் சொல்வேன் என்றார். ஓர் அம்மாள் சொத்து எவ்வளவு என்று கேட்டார். ஒருவர் பதிலே போடவில்லை. ஏழாவது ஆள் கனடாவில் ஒரு கிழவர், பெத்ரோ என்று பெயர், பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். 'எனக்கு இந்தியாவில் யாரையும் தெரியாது. ஆனால் மூலையில் அந்த மஞ்சள் எதற்கு?' என்று கேட்டு எழுதியிருந்தார்.

"விசாரிக்கிறான் பார். இவன்தான் நம்ம ஆளு" என்றார் பூர்வீகம்.

மறுநாள் காலை கடையிலேயே வீடியோ காலில் பெத்ரோவைப் பிடித்தோம். பூர்வீகம் வணக்கம்கூடச் சொல்லாமல் "பூர்வீகம்?" என்றார். ரோமன் மொழிபெயர்த்தான். கிழவர் சளைக்காமல் அப்பா, தாத்தா, ஊர் எல்லாம் சொன்னார். ரோமனின் ஊருக்கும் அந்த ஊருக்கும் நடுவே பாதி நாடு இருந்தது. பேர் வந்த கதையும் வேறாக இருந்தது. அவர் வீட்டில் சொல்வது என்னவென்றால், முப்பாட்டன் தினம் குடித்துவிட்டு அடுத்தவன் கதவைத் தட்டுவாராம். வீடு அங்கே இல்லை, இங்கே என்று பெண்டாட்டி இழுத்து வருவாளாம். ஊரே அதைச் சொல்லிச் சொல்லிப் பெயராகிவிட்டதாம்.

பூர்வீகத்துக்கு இது பிடிக்கவில்லை. "பத்திரிகைல குடிகாரன் வகையறான்னு போட முடியாதுபா. வாசல் கதையே இருக்கட்டும்."

பெத்ரோ நேர்மையான ஆள். "நாங்கள் சொந்தமா என்று எனக்குத் தெரியாது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார்.

"இருக்கிறதே ஏழு பேரு. அதுல ரெண்டு வகையறாவா? பேசாம ஒத்துக்கச் சொல்லு அந்த ஆள!" என்று பூர்வீகம் கத்தினார். கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். முட்டிவலி, விமானம் ஏற முடியாது, ஆனால் நிச்சயதார்த்தத்தன்று போனில் வந்து உட்காருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

மாமாவிடம் சொன்னேன். "போன்லயா?" என்று கேட்டவர், நிவேதாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று தலையை ஆட்டிவைத்தார்.

நிச்சயதார்த்தம் அக்கா வீட்டு ஹாலில். ஜமக்காளத்தின் ஒரு பக்கம் எங்கள் உறவுக்காரர்கள் நாற்பது பேர். இன்னொரு பக்கம் வேட்டி கட்டிய ரோமனும், ஒரு நாற்காலியும், நாற்காலியில் சாய்த்து வைத்த போனும். இரண்டு பக்கத்துத் தட்டுகளையும் அக்காவேதான் அடுக்கியிருந்தாள். கடைசி வரிசையில் பூர்வீகம் ஒரு தட்டில் கேசரியோடு உட்கார்ந்திருந்தார்.

நேரமானதும் மாமா வெற்றிலை பாக்குத் தட்டோடு எழுந்தார். போனில் பெத்ரோ டை கட்டிக்கொண்டு வந்தார். "வணக்கம்" என்று சொல்லிக் கையைக் கூப்பினார். அத்தோடு சரி. வாய் பாதி திறந்தபடி முகம் நின்றுபோனது. பிறகு திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நான் வைஃபை பெட்டியைத் தட்டினேன், அணைத்துப் போட்டேன், கும்பிடவும் செய்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஏண்டா, இதை நான் யார் கையில குடுக்கறது? சார்ஜர் கையிலயா?" என்றார் மாமா.

ஒருவரும் சிரிக்கவில்லை. மாமா தட்டைக் கீழே வைத்தார்.

"நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அவன் பக்கத்துல ஒருத்தர். நாளைக்கு என் பொண்ணுக்கு ஒரு கஷ்டம்னா நான் யார் வீட்டு வாசல்ல போய் நின்னு கேப்பேன்? நீங்களே சொல்லுங்க."

"சாரி அங்கிள்" என்றான் ரோமன். பாவம், அவன் என்ன செய்வான்? நிவேதா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"என்கிட்ட கேளு சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

பூர்வீகம் கேசரியைக் கீழே வைத்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். போனை எடுத்து ரோமன் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க பத்திரிகை அடிச்சவர்தானே? மாப்பிள்ளைக்கு நீங்க என்ன முறை?" என்றார் மாமா.

"பெரியப்பா."

"எப்படி?"

"அவுங்க வயக்கத்த அவனே சொன்னான் சார். புச்சா வந்தவனுக்கு கூட கீறவன்தான் பேரு வெப்பான். அதான் அவன் புள்ள குட்டிக்கெல்லாம் நிக்கும். இவன் இந்தப் பக்கம் வந்து அஞ்சு வருசம் ஆச்சு. இங்க இவனுக்கு எவன் பேரு வெச்சான்? நான் வெச்சேன். கோணவாசல்னு. பேரு வெச்சவன் பெரியப்பா இல்லாம பின்ன யாரு?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "பொண்ணுக்கு ஒண்ணுன்னா மார்க்கெட் சந்துக்கு வா. காலைல ஒம்போது மணிலேர்ந்து கடைலதான் கீறேன். என் வாசல்ல நின்னு கேளு. நான் பதில் சொல்றேன்."

மாமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து தட்டை எடுத்தார்.

"பிடிங்க சம்பந்தி" என்றார்.

தட்டு கைமாறும்போது ரோமன் கையிலிருந்த போனுக்கு உயிர் வந்தது. "முடிந்துவிட்டதா? எனக்கு யாரும் சொல்லவில்லையே!" என்று கனடாக் கிழவர் சத்தம் போட்டார். நாற்பது பேரும் சேர்ந்து சிரித்தோம். நிவேதா அழுதுகொண்டே சிரித்தாள்.

அதற்குப் பிறகு பட்ட பாடு தனி. பல்லாவரத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் என்கிற பதவியை பூர்வீகம் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. காலை ஆறு மணிக்கே, "மாப்ள வூட்டுக்கு இன்னும் காபி வர்லியே! இன்னா மருவாதி இது?" என்று மண்டபம் அதிரக் கேட்டார். மாப்பிள்ளை வீடு என்றால் அவர் ஒருவர்தான். மாமா தானே ஓடிப்போய் டபராவில் காபி கொண்டுவந்து நீட்டினார். சர்க்கரை கம்மி என்று திருப்பி அனுப்பினார் சம்பந்தி. சாம்பாரில் உப்பு, தாம்பூலப் பையில் தேங்காய் சின்னது, போட்டோக்காரன் தன்னைச் சரியாக எடுக்கவில்லை, எல்லாவற்றிலும் குறை. மாமா மூச்சு விடவில்லை. அக்கா சொல்கிறாள், அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்ததே இல்லையாம்.

பத்திரிகையில் என்ன அடித்திருந்தது என்று கேட்பீர்கள். 'கோணவாசல் வகையறா ரோமன் நெத்துதிஹாத்தா'. ஒரு எழுத்துப் பிழை இல்லை.

போன வாரம் கடை மூன்று நாள் பூட்டிக் கிடந்தது. விசாரித்தால் காய்ச்சல் என்றார்கள். ரோமன் லீவு போட்டுவிட்டு அனகாபுத்தூருக்கு ஓடினான். பின்னாலேயே மாமா சாத்துக்குடியோடு போனார். நானும் போனேன். படுத்திருந்தவர் கண்ணாடி இல்லாமல் எங்களை இடுங்கிப் பார்த்து, "ஒரு ஆளுக்கு காய்ச்சலுன்னா இத்தினி பேரா வருவாங்க? போய் வேலையைப் பாருங்கபா" என்று விரட்டினார். இப்போது தேறிவிட்டார், கடையும் திறந்தாயிற்று. அந்த மூன்று நாளும் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை என்பதை நேரில் சொன்னால் கத்துவார். அதனால் இங்கே எழுதிவிட்டேன். படித்துவிட்டுக் கத்தட்டும்.